சிவப்புப் பெட்டி மோட்டார்

நான் சொன்ன உண்மைகளிலேயே பெரிய பரிசு வாங்கித் தந்தது, ஐந்தாம் வகுப்பில் ஒரு மோட்டார் கம்பெனிக்கு எழுதிய உண்மைதான். மற்ற உண்மைகளுக்கெல்லாம் கிடைத்தது வேறு.

எங்கள் ஊர் மேல்மலையில் இருக்கிறது. அப்பாவுக்குப் பூண்டு விவசாயம். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கட்டும் என்று என்னைக் கொடைக்கானலில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அத்தை, ஏரிக்குப் போகும் சாலையில் யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு நீளமான ஹால். அது மாமாவின் ராஜ்ஜியம்.

ஹாலை அடைத்துக்கொண்டு, மேசை உயரத்தில், பலகைமேல் ஒரு கறுப்புச் சாலை வளைந்து வளைந்து போகும். சாலை நெடுக நான்கு கோடுகளாகப் பள்ளம் கீறியிருக்கும். உள்ளங்கை அளவு காரின் அடியில் ஒரு முளை. அது பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் ஓடும் தகட்டிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் ஏறும். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் கார் பறக்கும். வளைவில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் நிஜமாகவே பறந்து யார் மடியிலாவது விழும். மிஷன் பள்ளியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊர் திரும்பும்போது, அங்கே வயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமாவிடம் இதை விட்டுப்போயிருந்தது. சீசனுக்கு வரும் பிள்ளைகள் வரிசையில் நின்று ஓட்டுவார்கள். அவர்களை நிற்கவைத்துவிட்டு அப்பாக்கள் ஓட்டுவார்கள்.

கார்களின் உயிர் மோட்டாரில் இருந்தது. கடல் தாண்டி ஏதோ ஒரு சின்ன ஊரில் இருந்த கம்பெனியிலிருந்துதான் மாமா அதை வரவழைப்பார். மதுரையில் கிடைத்த மலிவு மோட்டார்களையும் ஒரு தடவை வாங்கிப் போட்டுப் பார்த்தார். அவை கொசு மாதிரிக் கத்திவிட்டு இரண்டாம் நாள் செத்துப்போயின. கம்பெனி மோட்டார் அப்படியில்லை. தடித்த சிவப்பு அட்டைப் பெட்டியில், சோதித்தவரின் கையெழுத்து போட்ட சீட்டோடு, கல்யாணப் பெண் மாதிரி வந்து இறங்கும். பிறகு வந்தவற்றில் சீட்டு இல்லை. அதற்குப் பிறகு பெட்டியும் மெல்லிய அட்டையானது. கடைசித் தடவை வெறும் பாலிதீன் கவரில் வந்தது. "சிக்கனம் பண்றாங்க. பெட்டியையா ஓட்டப்போறோம்?" என்றார் மாமா. பெட்டிகளைச் சேர்த்துவைக்கும் எனக்குத்தான் கம்பெனிமேல் வருத்தம்.

அந்த வருடம் எதிர்வரிசையில் வீடியோ கேம் கடை ஒன்று வந்தது. எங்கள் ஹாலில் வரிசை குறைந்தது. அத்தை சுற்றிவளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"ஏங்க, இந்த சீசனுக்கும் கூட்டம் வரலைன்னா ஹாலை மறிச்சு ரெண்டு ரூமு கட்டிருவேன். சும்மா கெடக்குற எடம்" என்றார்.

மாமா சிரித்தார். ஆனால் அன்று இரவு சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

அடுத்த வாரம் மாமாவும் அத்தையும் ஒரு கல்யாணத்துக்காகப் பழனிக்குப் போனார்கள். என்னைப் பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பில் விட்டு, "காரெல்லாம் தூசி தட்டி வை பாப்பா" என்று மாமா சொல்லிவிட்டுப் போனார். ஜனவரிக் குளிர். நான் ஓட்டிப் பார்த்தபோது கார்கள் முனகின. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு உறைந்திருந்தது.

எங்கள் வீட்டில் தைலத்துக்குக் கட்டுப்படாதது எதுவும் கிடையாது. சளி, தலைவலி, மூட்டுவலி, எறும்பு, துணியில் தார், ஸ்டிக்கர் பசை எல்லாவற்றுக்கும் அத்தை தைல பாட்டிலைத்தான் எடுப்பார். நானும் எடுத்தேன். மோட்டாரில் இரண்டு சொட்டு விட்டதும் பிசுக்கெல்லாம் கரைந்து ஓடியது. கார் அம்பு மாதிரிப் பாய்ந்தது, ஹாலே மணந்தது. இரண்டு சொட்டுக்கே இந்த வேகம் என்றால் முழுக்க நனைந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எட்டு மோட்டார்களையும் கழற்றி, இட்லிக்கு அரிசி ஊறப்போடுகிற மாதிரி, தைலத்தில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப்போனேன்.

காலையில் பார்த்தால் மோட்டாரின் பிளாஸ்டிக் மூடிகள் வெல்லப்பாகு மாதிரி இளகி, உள்ளே இருந்த கார்பன் துண்டுகள் கழன்று அடியில் கிடந்தன. மாமா வந்ததும் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"என்ன புள்ள, மோட்டாருக்குச் சளி புடிச்சிருச்சா?"

கேலி செய்துகொண்டே ஒன்றைக் கையில் எடுத்தார். அது கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கேலி செய்யவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. அத்தை ஹாலின் குறுக்கே நடந்து, எந்த இடத்தில் சுவர் வைக்கலாம் என்று காலடியால் அளந்துகொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து மாமா என்னையும் நோட்டுப் புத்தகத்தையும் கூப்பிட்டார். அவருக்கு டூரிஸ்ட்டுகளிடம் பேசுகிற அளவுக்குத்தான் இங்கிலீஷ் வரும்.

"ரெண்டே வரி எழுது. நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, தானா நின்னுபோச்சு, வெரசா வேற அனுப்புங்கன்னு."

"தைலம் மாமா?"

"தைலத்தைப் பத்தி மூச்சு விடாத."

கடிதத்தில் பொய் எழுதினால் கையெழுத்தின் நடுக்கத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று என் வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு இது இன்னும் சுலபம் என்று நான் நம்பினேன். அதனால் முழு உண்மையையும் எழுதினேன். தப்பு உங்கள் மோட்டார்மேல் இல்லை, நான்தான் தைலத்தில் ஊறப்போட்டேன், உங்கள் மோட்டார்தான் உலகத்திலேயே சிறந்தது, மற்றவை கொசு, மோட்டார் இல்லாவிட்டால் மாமாவின் ஹால் இரண்டு ரூமாகிவிடும், தயவுசெய்து கோபப்படாதீர்கள். ஒரு பக்கம் முழுக்க வந்தது. இரண்டு வரி ஏன் இவ்வளவு நீளம் என்று மாமா கேட்டார். இங்கிலீஷில் அப்படித்தான் வரும் என்றேன்.

பரீட்சை முடிகிற சமயத்தில் ஒரு பார்சல் வந்தது. அதைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. நாங்கள் கேட்டது எட்டு. உள்ளே நாற்பது மோட்டார்கள் இருந்தன, அத்தனையும் பழைய சிவப்புப் பெட்டிகளில். மேலே ஒரு கடிதம், கையால் எழுதியது. மாமா என்னை நிற்கவைத்துப் படிக்கச் சொன்னார். முதல் பத்தியைத் தமிழில் சொன்னேன்: "உன் கடிதத்தைப் படித்து எல்லோரும் சிரித்தோம். தப்பு உங்கள்மேல் இல்லை என்று இத்தனை வருஷத்தில் எங்களுக்கு எழுதிய முதல் ஆள் நீதான்."

மாமா என்னைப் பார்த்தார். "என்ன புள்ள எழுதுன நீ?"

சொன்னேன். மாமா சத்தமாகச் சிரித்தார். அத்தை முதல்முறையாக அந்த ஹாலில் சிரித்தார். "இதுக்குக் கீழ என்ன போட்டிருக்கு?" என்று மாமா கேட்டபோது என் ஒரு கை பெட்டிக்குள் இருந்தது. நான் ஏற்கெனவே பெட்டிகளை எண்ணத் தொடங்கியிருந்தேன். "அது சும்மா கம்பெனி விஷயம் மாமா, கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

பார்சலின் அடியில், துணியில் சுற்றி, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. மரப்பிடி கறுத்து, கட்டைவிரல் பதிகிற இடம் குழிந்திருந்தது. மாமா அதை வாங்கி ஒரு மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார். கீழே வைக்க மனசு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அத்தைதான் சொன்னார்: "பாவம், அந்த மனுசன் கைமறதியா போட்டு அனுப்பிட்டாரு. தொழில் சாமான் அடுத்தவுக வீட்ல ஒரு ராத்திரி இருக்கக் கூடாது. பூசை போட்டுக் கும்பிடுற பொருள். நாளைக்கு வெள்ளனே போயி அனுப்பிட்டு வாங்க."

அதற்கு மறுபேச்சு கிடையாது. ஆயுத பூஜைக்குக் கடைத் தராசுக்கே பொட்டு வைக்கிறவர் அவர். மறுநாள் தபாலாபீஸ் திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். அத்தை பாசத்தோடு உள்ளே வைத்திருந்த மலைப்பூண்டுக் கொத்தை, தபாலாபீஸ்காரர் மோந்து பார்த்து வெளியே எடுத்துவிட்டார். நான் எழுதிய சீட்டை மட்டும் விட்டுவைத்தார். அதில், 'ஐயா, இதை மறந்து வைத்துவிட்டீர்கள். இது இல்லாமல் நாளைக்கு எப்படி வேலை செய்வீர்கள்?' என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு எனக்கே என்னைப் பிடித்துப்போயிருந்தது.

அந்த சீசனில் கூட்டம் தாங்கவில்லை. வீடியோ கேம் கடைக்காரரே பூட்டிவிட்டு வந்து ஓட்டினார். அத்தை ரூம் பேச்சை எடுக்கவில்லை. நானோ, உண்மைக்கு ஒன்றுக்கு ஐந்து கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, வகுப்பில் செய்த தப்பு, செய்யப்போகும் தப்பு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு திரிந்தேன். முட்டி போட்டதுதான் மிச்சம்.

மாமா அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். ஃபாரின் கம்பெனி என்னைப் பாராட்டிக் கொடுத்த சர்டிஃபிகேட் என்று எல்லோரிடமும் காட்டுவார். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குவார்கள். முடிக்கும்போது சிரிப்பு இருக்காது. ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "மரியாதை தெரிஞ்ச மனுசன்" என்று மாமா அவருக்கு ஒரு ஓட்டம் இலவசமாகக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கம்பெனிக்கு எத்தனையோ கடிதம் போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. மாமாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"கொடுத்ததைத் திருப்பி அனுப்பிட்டோம்னு கோவமோ பாப்பா?"

"மறந்து வச்சதுதானே மாமா" என்பேன். அப்போதைக்குத் தலையாட்டுவார். அடுத்த சீசனில் மறுபடியும் கேட்பார்.

கல்லூரியில் படிக்கும்போது, ஆயுத பூஜை லீவுக்கு வந்திருந்த நான் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் கண்ணாடியைத் துடைக்கும்போதுதான், அன்று படிக்காமல் விட்ட இரண்டாவது பத்தியைப் படித்தேன். ஐந்தாம் வகுப்பில் தெரிந்திருக்காத ஒரு சொல்கூட அதில் இல்லை. மாமாவைக் கூப்பிட்டு, நிறுத்தி நிறுத்தி, தமிழில் சொன்னேன்.

"இந்த மாதக் கடைசியோடு எங்கள் தொழிற்சாலையை மூடுகிறோம். இப்படிப்பட்ட மோட்டார்கள் இனி யாருக்கும் தேவையில்லை. அலமாரியில் மிச்சம் இருந்ததையெல்லாம் உனக்கே அனுப்புகிறேன். ஸ்க்ரூ டிரைவர் என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் கையில் இருந்தது. இனி என்னிடம் அதற்கு வேலை இல்லை. உன் மாமாவிடம் கொடு."

மாமா என் கையிலிருந்த துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, பல வருடப் பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி அவர் முகம் தெளிந்தது.

"அப்ப நம்ம மேல கோவமில்ல."

"இல்ல மாமா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அத்தையிடமும் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பத்து வயதில் எனக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தது. ஒரு மனிதர் தன் கைச்சாமானை எப்போது பிறருக்குக் கொடுப்பார் என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் வேலை போன ஒருவரிடம் நாளைய வேலையைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரித்திருக்கிறேன்.