ஏற்றத்தில் மட்டும் வந்த சத்தம்

போன வாரம் போடியில் ஒரு மின்சார ஸ்கூட்டர் கடைக்குள் நுழைந்தேன். வாங்குவதற்கு அல்ல, வெயிலுக்கு. விற்பனை பார்த்த இளைஞர் ஒரு வண்டியை முடுக்கிக் காட்டினார். "சத்தமே வராது சார்." குனிந்து காதைக் கொடுத்தேன். உண்மைதான். எண்ணெய் கருகும் வாசனைகூட இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சத்தம் போடாத வண்டிக்கு என்ன நோவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம் போட்ட வண்டிக்கே நான் கண்டுபிடித்த லட்சணம் உங்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் வேலை பார்த்தேன். மலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சாம்பிள் வாங்கி வருவது என் சோலி. அதற்காகக் காதர் மாமாவின் பழைய ஸ்கூட்டரை வாங்கினேன். ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை அவருடையது. ரத்த உறவெல்லாம் இல்லை. ராவுத்தர் வீட்டுக்காரர்கள் எங்களுக்கு மாமா, நாங்கள் அவர்களுக்கு மாப்ளே, அப்படியே பழகிவிட்டோம். சாயங்காலம் கடையைத் தாண்டினால் "மாப்ளே, டீ ஆறுது!" என்று குரல் வரும். டீயே சொல்லியிருக்க மாட்டார். நான் உட்கார்ந்த பிறகுதான் சொல்லுவார்.

மூன்று மாதம் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு போடிமெட்டு ஏற்றத்தில், இரண்டாவது கியரில், காலடியில் 'கட்டக்' என்றது. கியர் நழுவி, வண்டி மலைத்து நின்றது. பின்னால் வந்த எஸ்டேட் ஜீப்பிலிருந்து பெண்கள், "எறங்கித் தள்ளுங்கண்ணே, வெரசா!" என்று உற்சாகப்படுத்தினார்கள்.

மெக்கானிக் செல்வம் திருப்புளியின் முனையை இஞ்சினில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். நாடி பார்க்கும் வைத்தியர்கூட அவரிடம் தோற்றுப்போவார். "நல்லாத்தானண்ணே இருக்கு." சமதரையில் அந்தச் சத்தம் வராது. ராசிங்காபுரம் வரை ஓட்டிப் பார்த்தார். பசு மாதிரிப் போய் வந்தது. பிளக்கை மாற்றினார், கிளட்ச் தட்டை மாற்றினார், பின்சக்கர பேரிங்கை மாற்றினார். சத்தம் மட்டும் மாறவில்லை. வேறு வழியில்லாமல் வாயாலேயே 'கட்டக், கட்டக்' என்று செய்து காட்டினேன். பக்கத்து டீக்கடையில் ஒருவர், "இன்னொருக்கா செய்யிங்க, பாக்கு வெட்டுற மாதிரியே இருக்கு" என்றார்.

ஒரு நாள் மழையில் வண்டி நடுமலையில் நின்று, சாம்பிள் ஏலக்காயெல்லாம் நனைந்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நனைந்த சட்டையோடு நேரே மாமா கடைக்குப் போனேன். கடையில் நாலு பேர் நின்றார்கள்.

"தெரிஞ்சுதானே என் தலையில கட்டுனீங்க?"

ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். "என் கையில இருந்தப்ப சத்தம் வரலியே மாப்ளே."

"அப்ப, நானா உண்டாக்குனேன்?"

வாழ்நாளில் இவ்வளவு சரியான கேள்வியை நான் கேட்டதே இல்லை. தராசு முள் நிற்கும்வரை பார்த்து, ஆணியைப் பொட்டலம் கட்டினார். பிறகு, "சரிங்க சார்" என்றார்.

அடுத்த வாரம் செல்வம் பொறுமையிழந்து, "நானே மேல வர்றேன்" என்று பின்னால் ஏறிக்கொண்டார். ஏற்றத்தில் சத்தம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், பிடிபடவில்லை. மெட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். வழக்கம்போல இஞ்சினை அணைத்து வண்டியை உருளவிட்டேன். என் முதலாளியின் சித்தாந்தம் அப்படி: "ஏறுறதுக்குத்தான் பெட்ரோலு. எறங்கத்தான் மலை இருக்கே." அந்த இறக்கத்தின் அமைதி எனக்குப் பிடிக்கும். ஓடைச் சத்தம் கேட்கும், ஏலக்காய் வாசனை கூடவே வரும். அடிவாரம் நெருங்கியதும் கிளட்ச்சைப் பாதி பிடித்தும் பிடிக்காமலும் கியரை முறுக்கினேன். ஓட்ட வேகத்திலேயே இஞ்சின் விழித்துக்கொண்டது.

"நிறுத்துங்க!" செல்வம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தெனமும் இப்டியா எறங்குறீங்க?"

"ஊரே இப்படித்தானே எறங்குது?"

"ஊரு வந்து எங்கிட்ட ஒப்பாரி வைக்கலியே!"

பட்டறையில் இஞ்சினைப் பிரித்தார். கியர்களைக் கவ்விப் பிடிக்கும் சிலுவை மாதிரியான சின்ன இரும்புத் துண்டு, நாலு முனையும் மழுங்கிக் கூழாங்கல்லாகியிருந்தது. இறக்கத்தில் நான் முறுக்கிய ஒவ்வொரு முறுக்கும் அதில் இருந்தது. பாரம் கூடும் ஏற்றத்தில் மட்டும் அதன் பிடி நழுவியிருக்கிறது.

"இத நான் தேடவே இல்லண்ணே. உங்களுக்குக் குடுக்குறதுக்கு முந்துன நாளுதான் புதுசு போட்டேன். 'மாப்ள மலையேறணும்டா, நல்லதாப் போடு'ன்னு பாய் இங்கயே நின்னாரு. உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "வண்டி சரியாயிருச்சுல்ல? சந்தோசம் சார்." கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். அதன் பிறகு சாக்குச் சொல்லிச் சொல்லி அந்தக் கடையில் ஆணி வாங்கினேன். அடிக்கச் சுவர் பாக்கியில்லாத அளவுக்கு வாங்கினேன். நாலு பேர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாக நிறுத்து, ஒரு ஆணி கூடப் போட்டுக் கொடுப்பார். டீ மட்டும் ஆறவேயில்லை.

மாமா போய் வெகுகாலமாகிறது. திருப்புளியைக் காதில் வைப்பவர்களும் இல்லை. அந்த மின்சார ஸ்கூட்டர் கடை இருப்பது அவர் கடை இருந்த இடத்தில்தான். தராசு தொங்கிய மூலையில் ஒரு வண்டி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் தாழ்ந்ததும் கிளம்பினேன். படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. சட்டென்று நின்றுவிட்டேன்.

"மறுபடி வாங்க சார்."