ஆளுநர் பிறந்த இடமும் அர்லீனின் கரண்டியும்

எங்கள் ஊரில் பிறந்து, ஓட்டு வாங்கி, மாநிலத்துக்கே ஆளுநரானவர் ஒரே ஒருவர்தான்: ஆல்டன் டார்பாக்ஸ். ரயில் கம்பெனிக்காரர்களை வரி கட்ட வைத்தவர். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்கும் பனி வாரும் வண்டி போயே தீரவேண்டும் என்று சட்டம் போட்டவர். இதையெல்லாம் விடப் பெரிய காரியம், ஊர் தன் ஏழைகளை ஏலம் விடும் வழக்கத்தை ஒழித்தது. ஏலம்தான். கதியற்றவர்களை மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் நிறுத்துவார்கள். ஊரிடம் ஆகக் குறைந்த காசு வாங்கிக்கொண்டு சோறு போடச் சம்மதிக்கிறவர் வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவார்கள். யாரும் கேட்காதவர்களுக்கு ஊருக்கு வெளியே, மலைச்சரிவில், ஏழைப் பண்ணை.

டார்பாக்ஸ் பிறந்தது அந்தப் பண்ணையில். ஊருக்கே தெரியும். ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள்.

சொன்னவள் அர்லீன் பிளாட்ஜெட்.

அர்லீன் எங்கள் ஊர் பள்ளிக்கூட பஸ்ஸை ஓய்வு பெறும்வரை ஓட்டியவள். பனியில் பஸ் சறுக்கினால் பிள்ளைகள் அலறுவார்கள். அவள் பஸ்ஸைத் திட்டுவாள். பஸ் நேராகிவிடும். புருஷன் போனபிறகும் மேப்பிள் தோப்பை விற்கவில்லை. குளிர்காலம் முடியும்போது மரங்களில் வாளி மாட்டி, சாறு சேர்த்து, தானே விறகடுப்பில் பாகு காய்ச்சினாள். ஊர்க்கூட்டத்தன்று மதியச் சாப்பாடும் அவள் பொறுப்பு.

அவளுடைய அம்மா ஐடெல்லாவும் ஏழைப் பண்ணையில் பிறந்தவள்தான். எங்கே பிறந்தாய் என்று யாராவது கேட்டால், "அந்தப் பக்கம்" என்று பொத்தாம்பொதுவாகக் கையை வீசுவாளாம். சாகும்வரை அந்த வீச்சுதான். அந்தக் கையைப் பார்த்தே மகள் வளர்ந்தாள்.

டார்பாக்ஸ் பிறந்த இடத்தில் ஒரு கருங்கல் நடவேண்டும் என்று ஊர் முடிவெடுத்தது. எந்த இடத்தில் என்பதுதான் தகராறு. ஊராட்சிக் குழுவுக்குத் தலைவர் வின்ஸ்டன் ஹேப்குட். நெடுஞ்சாலை ஓரம், தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் வெள்ளை வீடு அவருடையது. டார்பாக்ஸ் பையனாக இருந்தபோது அந்த வீட்டில் மாடு கறந்தார். நாளடைவில் கதை நகர்ந்து, அங்கேயே பிறந்தார் என்றாகிவிட்டது. ஆளுநரும் அதை மறுத்ததில்லை. கல் தன் வாசலில்தான் என்றார் ஹேப்குட், பண்ணையில்தான் என்றாள் அர்லீன்.

அந்த வருஷக் கூட்டம் ஒரு பொல்லாத நாளில் வந்தது. ராத்திரி உறைபனி, காலையில் பளீர் வெயில். மேப்பிள் சாறு குழாய் திறந்தமாதிரி இறங்கும் நாள். அர்லீன் பக்கம் நின்ற மலைக்காரர்கள் எல்லாரும் பாகு காய்ச்சுகிறவர்கள். அரங்கில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணெல்லாம் ஜன்னலில். மதியத்துக்கு மேல் ஒருவரும் தங்கமாட்டார்கள் என்று ஹேப்குட்டுக்குத் தெரியும். கல் விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். பனியில் வண்டி வழுக்காமல் சாலையில் கொட்டும் மணலைப் பற்றியே காலை முழுக்கப் பேசினார்கள்.

பன்னிரண்டு நெருங்கும்போது அர்லீன் எழுந்தாள். எங்கள் கூட்டத்தில் ஒருவரோடொருவர் நேராகப் பேசக்கூடாது. எதையும் கூட்டத் தலைவரிடம்தான் சொல்லவேண்டும். அன்று அந்த நாற்காலியில் ராய்ஸ் கட்டிங் இருந்தார்.

"தலைவரே, கல்லு விஷயத்த இப்பவே எடுக்கணும்."

ஹேப்குட் எழுந்தார். இருவருக்கும் நடுவே கை நீட்டும் தூரம்தான்.

"தலைவரே, அந்தம்மாகிட்ட சொல்லுங்க, மணி பன்னெண்டாகப் போகுது. நூறு வருஷமா பன்னெண்டுக்குச் சாப்பிடுற ஊரு இது. சாப்பிட்டு வந்து பேசிக்கலாம்."

"தலைவரே, அவர்கிட்ட சொல்லுங்க, சாப்பாடு எங்கிட்ட இருக்கு."

சொன்னவள் நேராக நடந்தாள். சமையலறைக் கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். கையில் கரண்டி. உள்ளே விடியலிலிருந்து பாகும் பன்றிக்கறியும் சேர்ந்து வெந்த பீன்ஸின் வாசனை கதவிடுக்கு வழியாக வந்து அரங்கம் முழுக்கப் பரவியது.

"மொதல்ல ஓட்டு. அப்புறம் பீன்ஸ்."

"ஏய் அர்லீன், இது அநியாயம்!" பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"உன்னப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போனவ நான். அப்பவும் கடைசி சீட்டுலருந்துதான் கத்துவ. தலைவர்கிட்ட சொல்லு."

அரங்கம் சிரித்தது. ராய்ஸ் கட்டிங் சுத்தியலை எடுத்தார், கதவைப் பார்த்தார், கீழே வைத்தார். "சாப்பாட்டைப் பத்தி சட்டப் புஸ்தகத்துல ஒண்ணும் இல்ல. கல்லு விஷயத்த எடுத்துக்கிறேன்."

ஹேப்குட்டின் முகம் சிவந்தது. நல்ல மனிதர்தான், கெட்ட குளிர்காலங்களில் யார் வீட்டில் விறகு தீர்ந்தாலும் அனுப்புகிறவர். ஆனால் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. "பண்ணைக்குப் போற அந்த மண்ரோட்டுல யாரு போவா? பனி உருகினா சேறு அச்சு வரைக்கும் நிக்கும். இன்னொண்ணு, தலைவரே. டார்பாக்ஸே அங்க பொறந்தேன்னு வாயத் தொறந்து சொன்னதில்ல. பெரிய மனுஷன் மறைச்சத வெளிய இழுத்துப் போட இவங்க யாரு?"

அடி சரியான இடத்தில் விழுந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. அர்லீன் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, மறைச்சாரு. எங்கம்மாவும் மறைச்சா. அவரு வெக்கப்பட்டுக்கிட்டே அந்த ஏலத்த ஒழிச்சாரு. எங்கம்மா வெக்கப்பட்டுக்கிட்டே செத்தா. வெக்கப்பட வேண்டியது அவங்களா? இதே அரங்குல நின்னு கை தூக்கி ஆள ஏலம் எடுத்தது யாரோட தாத்தா? எம் புருஷனோட தாத்தாவும் எடுத்தாரு, அதையும் சேத்தே சொல்றேன். இப்ப கல்லயும் கொண்டுபோய் வெள்ளை வீட்டு வாசல்ல வைங்க, தலைவரே. இன்னும் நூறு வருஷத்துக்கு நாங்க கைய வீசிக்கிட்டே கெடக்கோம்."

வெளியே மலைக்காரர்களின் வாளிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஒருவரும் எழுந்து போகவில்லை. குரல் ஓட்டில் தீரவில்லை. கல் பண்ணையில் வேண்டும் என்கிறவர்கள் எழுந்து நிற்கட்டும் என்றார் ராய்ஸ். முதலில் மலைக்காரர்கள் எழுந்தார்கள். பிறகு நாற்காலிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிரீச்சிட்டன. அந்தப் பின்பெஞ்சு ஆளும் எழுந்தான். "பசிக்குது, அதான்" என்று முணுமுணுத்தான்.

கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தாள். கதவைத் திறந்து, முதல் தட்டை ஹேப்குட்டிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, "உப்பு கம்மி" என்றார். தலைவர் வழியாக அல்ல, நேராக.

அவளுடைய வாளிகள் அன்று வழிந்து, சாறு மண்ணோடு போனது. அதற்காக அவள் புலம்பி யாரும் கேட்டதில்லை.

கல்லில் என்ன எழுதுவது என்று குழு கேட்டபோதும் அவள் மல்லுக்கு நின்றாள். "ஆளுநர் ஆல்டன் டார்பாக்ஸ் இங்கே பிறந்தார்" என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வைத்தாள்: "வேறு பலரும் பிறந்தார்கள்."

ஹேப்குட் சொன்ன சேறு மட்டும் பொய்யில்லை. ஏப்ரலில் கல்லைப் பார்க்க வரும் வெளியூர்க் கார்கள் அந்த ரோட்டில் வசமாகப் புதைந்துவிடும். பக்கத்துச் சரிவுதான் அர்லீனின் தோப்பு. ஹாரன் சத்தம் கேட்டதும் டிராக்டரோடு வருவாள். கயிறு கையிலேயே இருக்கும், கட்டமாட்டாள்.

"கல்லப் படிச்சாச்சா?"

"இல்லம்மா, சேறா இருக்கு. மொதல்ல கார எடுத்து விட்டீங்கன்னா..."

"எறங்கி நடங்க. படிச்சிட்டு வாங்க. ரெண்டு வரியையும்."