உடல்நலக் குறைவு

லீட்ஸ் நகரத்தில் நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்தில் ஒரு வினோதம் உண்டு. திங்கட்கிழமை காலையில் மேலாளர் ஹெலன் ஒவ்வொருவர் மேசைக்கும் வந்து, நன்றாகத் தூங்கினாயா என்று கேட்பார். முதல் தடவை என்னிடம் கேட்டபோது, ஏதோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டுச் சுற்றி வளைக்கிறார் என்று நினைத்து, "ஃபைல் நாளைக்குள் முடிந்துவிடும்" என்றேன். அவர் குழப்பத்தோடு சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

புதுக்கோட்டைப் பக்கம் பதினோரு வருடம் கறுப்புக் கோட்டு மாட்டியவன் நான். அங்கே வக்கீலின் தூக்கத்தை யாரும் விசாரிப்பதில்லை. விடிந்ததும் கட்சிக்காரர் வாசலில் நிற்பார். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் பட்டா சந்தேகம் கேட்பார். எங்களுக்கு உடம்புக்கு வருவதெல்லாம் வாய்தா வாங்கத்தான். வழக்கைப் படிக்கவில்லையா, விராலிமலையில் காதுகுத்தா, எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: "வக்கீலுக்கு உடல்நலக் குறைவு." ஊரில் இதைப் படிக்கும் வக்கீல் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபிக்க மாட்டார். அடுத்த மாதம் அவருக்கும் காய்ச்சல் வர வேண்டுமே. நானும் எத்தனையோ தடவை படுத்திருக்கிறேன், ஒரு நாளும் உடம்பு சுட்டதில்லை.

அரிமளத்துக்காரர் ஒருவரின் வரப்புத் தகராறு இன்னும் என் பெயரில்தான் நிற்கிறது. லீட்ஸுக்குக் கிளம்பும்போது வேறு வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "நீங்க பாத்தாத்தான் சரியா வரும். வாரப்ப வாங்க, காத்திருக்கேன்" என்றுவிட்டார். அதனால் வாய்தாவுக்கு வாய்தா என் வக்கீல் நண்பன் முருகேசன் கோர்ட்டில் எழுந்து, எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வருகிறான்.

இந்தக் குளிர்காலத்தில் எனக்கு நிஜமாகவே முடியாமல் போனது. ஒரே பக்கத்தை நான்கு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. போன் அடித்தால் நெஞ்சு படபடத்தது. ஒருநாள் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயமாக இருந்தது. ஹெலன் வழக்கம்போல் வந்து கேட்டார். நன்றாகத் தூங்கியதாகச் சொன்னேன். உடம்பு சரியில்லை என்று வாயெடுத்தாலே பொய் சொல்வது போல இருந்தது.

போன வியாழன் மதியம் முருகேசன் கூப்பிட்டான்.

"மாப்ள, ஒனக்கு ஒடம்பு முடியலன்னு இன்னைக்கும் சொல்லிட்டேன். அடுத்த மாசத்துக்கு வாய்தா."

"நெசமாவே முடியலடா."

"அத எங்கிட்ட ஏன்டா சொல்ற? ஜட்ஜ்கிட்டயே சொல்லியாச்சு" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை நிறுத்தினான்.

"மாப்ள, என்னடா பண்ணுது? அங்கிட்டு யாருகிட்டயாவது சொன்னியா?"

போனை வைத்துவிட்டு ஹெலன் அறைக்குப் போனேன். தூக்கம் வரவில்லை, முடியவில்லை என்றேன். நம்ப வைக்க இன்னும் நாலு காரணம் தயாராக வைத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. டாக்டரைப் பார், இப்போதே வீட்டுக்குப் போ என்றார்.

அன்று ஒரே தேதியில் ஊர்க் கோர்ட்டுப் பதிவிலும் லீட்ஸ் அலுவலகப் பதிவிலும் எனக்கு உடல்நலக் குறைவு. அந்த ஒரு நாள் இரண்டுமே உண்மை.