நாங்களா, நாமா?

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் "அப்படின்னா அக்கா". என்ன மாதிரி சாப்ட்வேர் வேண்டும் என்று கிளையன்ட் சொல்வதைக் கேட்டு, புரோகிராம் எழுதும் என்னைப் போன்றவர்களுக்குக் குழப்பமில்லாமல் எழுதித் தருவது அவர் வேலை. யார் எதைச் சொன்னாலும் "அப்படின்னா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதி நாள் அந்த ஒரு கேள்வியிலேயே போய்விடும்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பாம்புக்காது. பல் மருத்துவர் ஒருவர், "நோயாளி வரலேன்னா நாங்க போன் பண்ணிக் கேப்போம்" என்றார். சாப்ட்வேரே கூப்பிட வேண்டும் போல என்று நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். அக்கா நிறுத்தினார். 'நாம' என்றிருந்தால் நம் சாப்ட்வேரும் சேர்த்தி, அவர் சொன்னது 'நாங்க', அவருடைய ஆட்கள்தான் கூப்பிடுவார்கள், நமக்கு அதில் இடமில்லை என்றார். விசாரித்தால் அதேதான். என் மூக்குடைந்தது.

அக்காவின் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. பள்ளி திறக்கிறதென்று மகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். வீடு அமைந்ததும் அக்கா வேலையை விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. வீடுதான் அமையவே இல்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. அக்கா சமையலறைச் சாமான்களையெல்லாம் பெட்டியில் கட்டிவைத்துவிட்டு, வெளியே விட்டிருந்த ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரமாக வரும்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் போன் வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கும் கணவரின் குரல் கேட்டது.

"வீடு கெடச்சிருச்சு. இனிமே நாங்க இங்கதான் இருப்போம்."

அக்கா "அப்படின்னா?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷம் எல்லாரையும் கேட்டுக் கழுத்தறுத்தவர், கேட்டே ஆகவேண்டிய இடத்தில் "சரி" என்று வைத்துவிட்டார்.

வாய் தவறி வந்திருக்கும், திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கையில்லை.

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"என்னத்தக் கேக்கறது? இங்கிலீஷ்ல சொல்லிருந்தா ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. அதுல நானும் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்திருப்பேன். இவர் தெளிவாத்தான் சொல்லிட்டார்."