பஞ்சில் பிறந்த வார்த்தை

எண்பதுகளில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில், பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் புளோ ரூமில் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் இருபத்திரண்டு வயதுத் தலை அறுபது வயதுக்கு நரைத்திருக்கும். டைப்பிங் லோயர் பாஸ் செய்த திமிரில், ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே காலியாகக் கிடந்த நாற்காலி மேலேயே கண்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "ஏலே, நூல் வாங்குத பெரிய ஆளு கல்கத்தாலேர்ந்து வாராரு. நான் வாசிக்கதுக்கு இங்கிலீசுல ஒரு வரவேற்புரை எழுதிட்டு வா. நல்லா இருந்துச்சுன்னா அந்த நாற்காலி ஒனக்கு."

பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் போனேன். அங்கே தலையணைத் தடிமனில் ஓர் அகராதி. எந்த வார்த்தைக்கும் முதலில் பூர்வீகம், அப்புறம்தான் அர்த்தம். 'பாம்பாஸ்டிக்' கண்ணில் பட்டது. பஞ்சைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். சீமையில் சட்டைக்குள் திணித்த பஞ்சுக்கும் 'பாம்பாஸ்ட்' என்றுதான் பெயராம். பஞ்சாலைக்கு இதைவிட மங்களகரமான அடைமொழி உண்டா? அர்த்தத்துக்கு வருவதற்குள் இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. குலம் கோத்திரம் சரியாக இருந்தால் மாப்பிள்ளை எப்படி என்று நம் பக்கம் யார் பார்க்கிறார்கள்?

விழாவில் மேனேஜர் முழங்கினார். எங்கள் பாம்பாஸ்டிக் ஆலை, எங்கள் பாம்பாஸ்டிக் நூல், எங்கள் பாம்பாஸ்டிக் தொழிலாளர்கள். எல்லோரும் கை தட்டினார்கள்; நான் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன். கல்கத்தாக்காரருக்கு டீ புரையேறியது. வெற்றுப் பகட்டு என்று தன்னையே கேலி செய்துகொள்ளும் ஆலைக்காரரை இன்றுதான் பார்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜரும் சிரித்தார். கண் மட்டும் கூட்டத்தில் என்னைத் தேடியது.

கல்கத்தாக்காரர் போனதும் விசாரணை.

"அதுக்கு அர்த்தம் என்னலே?"

"பஞ்சு சார்."

"பொறவு?"

"பொறவு பஸ் வந்துருச்சு சார்."

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "ஒன்னையத் திரும்ப புளோ ரூமுக்கு அனுப்புனா அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிருவ. நாளையிலேர்ந்து இங்கனயே என் கண்ணு முன்னால உக்காரு. அந்தப் பேச்சு நான் யோசிச்சது. தெரியுதா?"

"தெரியுது சார். நான் டைப் மட்டுந்தான்."

ஃபேன் நன்றாகவே சுற்றியது. தலை மறுபடி கறுத்தது. அதன்பிறகு எந்த வியாபாரி வந்தாலும் மேனேஜர் தன் பாம்பாஸ்டிக் நகைச்சுவையைச் சொல்லிக் காட்டுவார். முதலில் சிரிக்க வேண்டியது நான். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.