நேசனின் பெட்டியில் கேட்ட கரகரப்பு

புதுக்கடைக் கோர்ட்டில் கிளார்க்காக இருந்த பெரியப்பா, “எந்தப் பிழைக்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான், அவனைக் கேக்காமல்...” என்று ஏதோ சொல்வார், மிச்சம் மறந்துவிட்டது. என் தொழிலே பிழையைப் பிரதி எடுப்பதுதான். பழைய வீடியோ கேம் பெட்டிகளின் ஒலிச் சிப் தாங்காமல் கரகரக்கும் அல்லவா, அதே கரகரப்பைக் கணினியில் வரவைக்கும் மென்பொருள் எழுதுகிறேன். விளக்கத்தில் ‘துல்லியமானது’ என்று பெருமையாகப் போட்டிருந்தேன். இதே வேலையில் காதைத் தொலைத்தவர்களுக்கு அந்தப் பெருமை விளங்கும்.

வீட்டுக்காரரின் இரக்கம்

கனடாவிலிருந்து திரும்பி, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்த புதிது. மூன்று வாரம் மினக்கெட்டு, ஒரு கேமில் வரும் வெடிச்சத்தம் உடைந்து கரகரக்கிற விதத்தை அச்சொட்டாகப் பிடித்தேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். “தம்பி, உங்கட ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு. புறக்கோட்டையில மலிவா எடுக்கலாம், கூச்சப்படாதேங்கோ.”

புதுசாக்கின பெட்டி

வெள்ளவத்தையில் இருக்கும் சாந்தி அக்கா, என் வேலையைக் கேள்விப்பட்டு, ஒரு கேம் பெட்டியைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருடைய தம்பி நேசன் விளையாடியது. யுத்த நேரம் நேசனை வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்; திரும்பி வரவில்லை. பின்னேரங்களில் அவன் அறையிலிருந்து வந்த அந்தக் கரகரப்பு அவருக்கு வேண்டும், பெட்டி சாகமுன்னம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்: அளவெடுக்கமுன், பழசாகிக் கசிந்து சத்தத்தைத் திரிக்கிற கப்பாசிட்டர்களை, அந்தச் சின்ன மின்தேக்கி உருளைகளை, கழற்றி எறிந்துவிட்டுப் புதியவை போடுவோம். யோசிக்காமல் செய்தேன். பிறகு சிப்பை அளந்து, அதன் ஒலிக்கோட்டின் மேல் என் மென்பொருளின் கோடு அப்படியே விழுகிற மாதிரிப் பொருத்தி, அக்காவைக் கூப்பிட்டேன். முழுதும் கேட்டார். “வடிவாத்தான் கிடக்கு, தம்பி. ஆனா இது பெட்டி வாங்கின நேரம் வந்த சத்தம். கடைசியா அவன் இருக்கேக்க வந்தது இதில்லை.”

சனிக்கிழமைகள்

நான் எறிந்த கப்பாசிட்டர்களில்தான் நேசனின் சத்தம் பாதி இருந்திருக்கிறது. குப்பை லொறி எப்போதோ போய்விட்டது. உள்ளதைச் சொன்னேன். அக்கா ஏசவில்லை. “நீங்க செய்து போடுங்கோ, நான் கேட்டுச் சொல்லுறன்” என்றார்.

பழைய கப்பாசிட்டர்கள் எப்படிக் கசிந்திருக்கும் என்று ஊகித்து, ஒவ்வொரு சத்தமாகச் செய்தேன். அக்கா சனிக்கிழமைகளில் வந்து, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். “இல்லை.” “கிட்ட வந்திட்டுது.” “இல்லை.” முதலில் உடனே சொன்னவர் போகப்போகத் தயங்கினார். “முந்தினதைப் போடுங்கோ... அதுவோ? இல்லை, அதுக்கும் முந்தினதோ?”

ஆறாவது சனி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். “காணும், தம்பி, போதும். இதுகளைக் கேட்டுக்கேட்டு, அந்தச் சத்தமே எனக்கு மறந்துபோச்சு.”

அன்று பின்னேரம் என் மென்பொருளின் விளக்கத்திலிருந்து ‘துல்லியமானது’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.