பெயரில்லாத பட்டன்கள்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டித் தறிகள் ஓடுகின்றன. மதியச் சாப்பாட்டுக்கு அவை நிற்கும் நேரத்தில்தான் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கான பாட்டுகளைச் செல்போனில் பாடிப் பதிவு செய்வேன். விரல் படுகிற பட்டன் எதுவென்று போனே குரலில் சொல்லும்.

ஒருநாள் அந்த ரெக்கார்டிங் ஆப் புதுப்பிக்கப்பட்டது. அதன்பின் எதைத் தொட்டாலும் போன் 'பெயரில்லாத பட்டன்' என்றே சொன்னது. எது பதிவு, எது அழிப்பு என்று தெரியாமல் அழுத்தியதில், முந்தின நாள் பாடி வைத்த பாட்டு போய்விட்டது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

"வுடும்மா, இனிமே நான் பாத்து அழுத்துறேன்," என்றார் கணவர்.

"நீங்க வேலைக்குப் போய்ட்டா? இத்தினி நாளா நானேதான பண்ணிக்கினு இருந்தேன்?" என்றேன்.

அந்த ஆப்பை உருவாக்கிய கம்பெனிக்கு மூன்று தடவை எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மட்டும் பதில் வந்தது. நான்காவது தடவை எழுதவில்லை. திரை முழுக்க விரலை நகர்த்தி, போன் 'பெயரில்லாத பட்டன்' என்று பதினேழு தடவை சொன்னதைக் கணவரின் போனில் பதிவு செய்தேன். "கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க. இதுல பதிவு பட்டன் எதுன்னு சொல்லுங்க," என்று கடைசியில் நானும் பேசி அனுப்பினேன்.

மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "கேட்டேன் மேடம். எனக்கும் தெரியல," என்றாள்.

இரண்டு வாரத்தில் பட்டன்களுக்குப் பெயர் வந்துவிட்டது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டனை மட்டும் விட்டுவிட்டார்கள். அதற்கும் ஒரு பதிவு அனுப்பியிருக்கிறேன்.